வானத்தில் பறக்கும் நாயகர்களும் தரையில் தவறிய கதையும்

2019ஆம் ஆண்டு மே மாதம். கோடை விடுமுறைக்காக மும்பையிலிருந்து குடும்பத்தோடு திருநெல்வேலிக்குப் போயிருந்தோம். அக்கினி நட்சத்திர வெயில். பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துச் சமாளிக்க முடியவில்லை. 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படம் தமிழில் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, ஒன்பது வயதுப் பேரனைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனேன். தமிழ் வசனம் ஏ.ஆர். முருகதாஸ், அயர்ன் மேனுக்குக் குரல் விஜய் சேதுபதி. "இது அயர்ன் மேன் குரலே இல்ல தாத்தா" என்று முதல் அரைமணி நேரம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான் பயல். ஆனால் கடைசியில் அந்த அயர்ன் மேன் இறக்கும்போது முணுமுணுப்பெல்லாம் நின்றுபோனது. என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை. "படத்துக்குக் கூட்டிட்டுப் போயி பிள்ளைய அழ வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே" என்று எனக்கும் வசவு கிடைத்தது.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 2024 ஜூலையில் ஒரு செய்தி வந்தது. அயர்ன் மேனாக நடித்த ராபர்ட் டௌனி ஜூனியர் மறுபடியும் மார்வெல் படங்களுக்குத் திரும்பி வருகிறார், இம்முறை டாக்டர் டூம் என்கிற வில்லனாக. இப்போது பதினான்கு வயதாகிவிட்ட பேரன் கைப்பேசியை என் முன்னால் நீட்டினான். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் கேட்ட கேள்வி வேறு. "அப்போ அன்னைக்கு நான் சும்மாவா தாத்தா அழுதேன்?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டபோது, வழக்கம்போல் சிலம்பைப் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். ஆனால் இந்தப் பயலின் கேள்வி மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. வெளி மாநிலத்தில் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று அதிகமாகக் கேட்கிற, பார்க்கிற கதைகள் இவைதாம். பாட்டி சொன்ன கதையின் இடத்தில் இவை வந்து உட்கார்ந்துவிட்டன. ஆகவே இவற்றில் கதை எங்கே பலமாக இருக்கிறது, எங்கே நொறுங்குகிறது என்று பெரியவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து யோசிப்பது வீண் வேலையாகாது.

இரும்புக்கையின் ரகசியம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாகச நாயகன் என்றாலே முகம் சுளிக்கிற ஆள் இல்லை நான். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸை ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிட்டுத் தருவித்து, தாதர் எக்ஸ்பிரஸ் வருகிற நாளை எண்ணிக்கொண்டு காத்திருந்த கூட்டத்தில் நானும் ஒருவன். இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் இரும்புக்கை மாயாவியை மறந்திருக்க மாட்டார்கள். பிரிட்டனில் 1962இல் 'வேலியன்ட்' என்ற வார இதழில் தோன்றிய பாத்திரம் அது. நமக்கோ அவர் தமிழ் பேசும் உறவுக்காரர் மாதிரி.

அந்த மாயாவியின் சக்தி என்ன? உடலில் மின்சாரம் பாய்ந்தால் அவர் மறைந்துபோவார். ஆனால் முழுமையாக மறைய மாட்டார். விபத்தில் இழந்த கைக்குப் பதிலாகப் பொருத்திய இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரிந்துகொண்டே இருக்கும். மின்சாரத்தின் வேகம் தீர்ந்தால் உடலும் திரும்பத் தெரிய ஆரம்பித்துவிடும். எதிரியின் கோட்டைக்குள் நுழைந்திருப்பார், நேரம் போய்க்கொண்டிருக்கும், பக்கத்தில் மின்கம்பி இருக்கிறதா என்று தேட வேண்டும், அந்தரத்தில் மிதக்கும் கையைக் காவலாளி பார்த்துவிடக் கூடாது. நமக்கு மூச்சு முட்டும். அந்தக் கையும் சேர்ந்து மறைந்திருந்தால் படிக்க என்ன இருக்கிறது?

மாயாவியின் கதை முழுக்க அவரால் முடியாததில்தான் இருந்தது. நம் இதிகாசம் சொன்னவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். கர்ணனுக்குக் கவச குண்டலம் இருந்தது. அதைத் தானமாகக் கேட்க ஒருவன் வந்தான். கற்ற வித்தை வேண்டிய நேரத்தில் மறந்துபோகும் என்று குருவின் சாபமும் இருந்தது. அபிமன்யுவுக்குச் சக்கர வியூகத்துக்குள் புகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. அனுமனுக்குத் தன் பலம் தனக்கே நினைவில்லை. ஜாம்பவான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. விடிய விடியக் கூத்துப் பார்த்த ஜனங்கள் கர்ணனுக்காக அழுதது அவன் வில்லாற்றலைப் பார்த்தா?

பூமியைத் திருப்பிச் சுற்றியவர்

பெரிய செலவில் எடுக்கப்பட்ட சூப்பர் ஹீரோ படங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் என்று 1978இல் ரிச்சர்டு டானர் இயக்கிய 'சூப்பர்மேன்' படத்தைச் சொல்லலாம். அந்தக் காலத்தில் அதற்கு ஐந்தரைக் கோடி டாலர் செலவானது. கிறிஸ்டோபர் ரீவ் பறப்பதைப் பார்த்து உலகமே வாய் பிளந்தது. இன்றைக்கும் அது நல்ல படம்தான். ஆனால் பிற்காலத்தில் வந்த அத்தனை நோய்களுக்கும் விதை அந்தப் படத்தின் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

படத்தின் முற்பகுதியில் வளர்ப்புத் தந்தை மாரடைப்பால் கண் முன்னே இறந்துபோகிறார். இவ்வளவு சக்தி இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று இளைஞன் கலங்குகிறான். பெற்ற தந்தையோ, மனிதர்களின் வரலாற்றில் நீ தலையிடக் கூடாது என்று கட்டளையிட்டிருக்கிறார். ஆக இரண்டு வேலிகள் போட்டாயிற்று. கடைசியில் வில்லன் இரண்டு ஏவுகணைகளை எதிரெதிர்த் திசையில் ஏவுகிறான். வில்லனின் கையாளாக இருந்த பெண்ணுக்குச் சூப்பர்மேன் வாக்குக் கொடுக்கிறார்: அவள் தாய் இருக்கும் ஊரை நோக்கிப் போகும் ஏவுகணையை முதலில் தடுப்பதாக. அந்த வாக்கைக் காப்பாற்றுகிறார். அதனாலேயே மற்றது கலிபோர்னியாவில் வெடித்து, நிலம் பிளந்து, அவர் நேசித்த லோயிஸ் மண்ணில் புதைந்து இறந்துபோகிறாள். தசரதன் கொடுத்த வாக்கு தசரதன் உயிரைக் கொண்டுபோனது போல! என்ன அருமையான கட்டம் பாருங்கள்.

அடுத்து என்ன செய்கிறார் தெரியுமா? ஆகாயத்தில் பாய்ந்து, பூமியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, காலத்தையே பின்னோக்கித் திருப்பிவிடுகிறார். லோயிஸ் காருக்குள் நலமாக உட்கார்ந்திருக்கிறாள், கார் ஓடவில்லையே என்று சலித்துக்கொண்டு. தந்தையின் கட்டளையை மீறியதற்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை. காலத்தைத் திருப்ப முடியுமென்றால் வளர்ப்புத் தந்தையை ஏன் மீட்கவில்லை? பதிலில்லை. இந்த முடிவு முதலில் இரண்டாம் பாகத்துக்காக யோசித்து வைத்தது. இரண்டு பாகங்களையும் சேர்த்தே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் பாகம் பிரமாதமாக முடிய வேண்டுமே என்று அதை இழுத்து இங்கே ஒட்டிவிட்டார்கள். ஒரு கதைக்குத் தைத்த சட்டையை வேறொரு கதைக்கு மாட்டினால் தோளில் தொங்கத்தானே செய்யும்?

வாடகை பாக்கி வைத்த வீரன்

பணம் அதிகமானால் கதை கெட்டுவிடும் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது சரியில்லை என்பதற்கு 2004இல் சாம் ரெய்மி எடுத்த 'ஸ்பைடர்மேன் 2' சாட்சி. இருபது கோடி டாலர் செலவு. ஆனால் படம் எதில் ஆரம்பிக்கிறது? பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில். வழியில் குழந்தைகளைக் காப்பாற்றப் போய் நேரம் தவறுகிறது, வேலை போகிறது. வீட்டுக்காரர் வாடகை கேட்டுத் துரத்துகிறார். கல்லூரியில் பாடத்தில் பின்தங்குகிறான். தன்னை வளர்த்த அத்தை மே வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில் இருக்கிறார். அந்த நிலையிலும் பிறந்த நாளுக்கென்று அவன் கையில் இருபது டாலரைத் திணிக்கிறார். மும்பையில் சாலில் ஒண்டுக் குடித்தனம் இருந்து, மணியார்டர் அனுப்பி, மாசக் கடைசியில் டீக்குச் சில்லறை தேடிய நம் தலைமுறைக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் அவன் ஒரு விலை கொடுக்கிறான் என்பது. ஊரைக் காத்தால் வேலை போகிறது. வழியில் வந்த ஆபத்தைக் கவனித்தால் மேரி ஜேனின் நாடகத்துக்குப் போக முடிவதில்லை, அவள் மனம் விலகுகிறது. மனப்பாரம் தாங்காமல் அவன் சக்தியே அவனைக் கைவிடுகிறது. படத்தின் உச்சக் காட்சி எது என்று கேட்டால், வில்லனோடு போடும் சண்டையை நான் சொல்ல மாட்டேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து, "மாமா இறந்ததற்கு நான்தான் காரணம்" என்று அத்தையிடம் சொல்லும் இடம். முதல் படத்தில் தப்பி ஓடிய திருடனைத் தடுக்காமல் விட்டான். அவன் கையாலேயே மாமா செத்தார். இதைக் கேட்ட அத்தை பேசவில்லை. பற்றியிருந்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார். கிராபிக்ஸ் இல்லை, வெடி இல்லை. தியேட்டரில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும்.

ஓடும் ரயிலைத் தன் உடலால் தடுத்து நிறுத்தி மயங்கி விழும்போது, பயணிகள் அவனைத் தலைக்கு மேல் தாங்கி உள்ளே கொண்டுபோகிறார்களே, அந்தக் காட்சி நெஞ்சைத் தொடுவதற்கும் இந்தச் சமையலறைதான் காரணம். முகமூடி கழன்ற அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, 'இவன் சின்னப் பயல்' என்று அவர்கள் வியக்கிறார்கள். யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். தினமும் லோக்கல் ரயிலில் நசுங்கிப் போகிறவர்களுக்கு அந்தக் கூட்டத்தின் முகங்கள் தெரிந்த முகங்களாகவே இருந்திருக்கும்.

அதே இயக்குநர், அதே நடிகர்கள், இன்னும் கூடுதலான பணம். 2007இல் 'ஸ்பைடர்மேன் 3' வந்தது. நம் நாட்டில் இந்தி, தமிழ், தெலுங்கோடு போஜ்புரியிலும் பேசினான் ஸ்பைடர்மேன்! ஆனால் கதை? ஒரு வில்லன் போதாதென்று மூன்று வில்லன்கள். விண்ணிலிருந்து விழுந்த கல்லில் இருந்து கரும்பசை போன்ற ஜந்து ஒன்று வருகிறது. அது எத்தனையோ பேர் இருக்கும் நகரத்தில் சொல்லிவைத்த மாதிரி பீட்டரின் வண்டியில் வந்து ஒட்டிக்கொள்கிறது. நண்பன் ஹாரிக்குத் தலையில் அடிபட்டு, கதைக்கு வசதியாக மறதி வருகிறது, பிறகு வசதியாக நினைவும் திரும்புகிறது. ஹாரியின் தந்தையைக் கொன்றது பீட்டர் அல்ல என்பது வீட்டு வேலைக்காரப் பெரியவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம். ஆனால் மூன்றாவது படத்தின் கடைசி வரைக்கும் வாயைத் திறக்கவில்லையாம்! முதல் படத்திலேயே அவர் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் பாதிப் பகை தீர்ந்திருக்குமே ஐயா என்று கேட்கத் தோன்றுகிறது.

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது வேறு. மாமாவைச் சுட்டது நீ தப்பவிட்ட அந்தத் திருடன் இல்லை, இதோ இந்த மணல்மனிதன், அதுவும் கைதவறிச் சுட்டுவிட்டான் என்று மாற்றி எழுதினார்கள். அந்தத் திருடனைத் தப்பவிட்ட குற்ற உணர்ச்சிதான் பீட்டரை வீரனாக்கியது. இரண்டு படங்களும் அந்த ஒரு தூணில் நின்றன. அத்தை கையை விடுவித்துக்கொண்ட அந்தச் சமையலறைக் காட்சிக்கு இனி என்ன அர்த்தம்? புது வில்லனுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. பழைய வீட்டின் தூணை உருவி எடுத்துப் புதுத் திண்ணைக்கு வைத்துவிட்டார்கள். தான் நம்பாத பாத்திரங்களை வைத்து எடுத்ததால் படம் சரியாக அமையவில்லை என்று ரெய்மியே பிற்பாடு ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

'தொடரும்' போட்ட சினிமா

2008இல் 'அயர்ன் மேன்' வந்தது. பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்தபிறகு ஒரு சிறிய காட்சி. ஒற்றைக் கண் மனிதர் ஒருவர் வந்து அவெஞ்சர்ஸ் பற்றிப் பேச வேண்டும் என்கிறார். அன்று அது ரசிகர்களுக்குக் கிடைத்த தாம்பூலம். பிறகு தாம்பூலமே விருந்தாகிவிட்டது. ஒவ்வொரு படமும் அடுத்த படத்துக்கு விளம்பரம். வெள்ளிக்கிழமை சீரியலில் கதவைத் திறந்தவுடன் மருமகளின் அதிர்ச்சி முகத்தை மூன்று தடவை காட்டி 'தொடரும்' போடுவார்களே, அந்த வித்தைதான். சீரியலுக்குத் தினமும் அரைமணி. இதற்கு இரண்டரை மணி நேரமும் குடும்பத்தோடு போனால் டிக்கெட், பாப்கார்ன் என்று ஓராயிரமும் இரண்டாயிரமும்.

2014 அக்டோபரில் மார்வெல், டிசி இரண்டு பக்கமும் வரப்போகும் ஆண்டுகளுக்கான படப்பட்டியலைத் தேதியோடு அறிவித்தார்கள். கதை எழுதி முடித்து அல்ல. பெயரும் தேதியும் முதலில். டிசி பட்டியலில் இருந்த 'சைபோர்க்' படம் 2020இல் வந்திருக்க வேண்டும், வரவே இல்லை. முகூர்த்தம் குறித்து, மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அடித்துவிட்டுப் பிறகு மாப்பிள்ளை தேடுவது போன்ற காரியம் இது. 2017இல் வந்த 'ஜஸ்டிஸ் லீக்' படத்தில் நடுவில் இயக்குநர் மாறி, மறுபடி காட்சிகள் எடுத்தபோது, சூப்பர்மேன் நடிகர் வேறொரு படத்துக்காக மீசை வளர்த்திருந்தார். அதை மழிக்க முடியாமல் கம்ப்யூட்டரில் அழித்தார்கள். மேலுதடு என்னவோ போல் ஆகிவிட்டது. சிரிப்பு வந்தாலும், தேதிக்கு அடிமையான கதையின் முகம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

2015இல் வந்த 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தில் இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோற்றுக் களைத்த வீரர்கள் ஒரு பண்ணை வீட்டில் வந்து தங்குகிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு மனைவியும் பிள்ளைகளும் இருப்பதே அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிகிறது. விறகு வெட்டுகிறார்கள், மனத்தில் இருப்பதைப் பேசுகிறார்கள். அந்தப் படத்தில் உயிருள்ள பகுதி அதுதான். மற்றொன்று, தோர் ஒரு குகைத் தண்ணீரில் இறங்கி ஏதேதோ காட்சிகளைக் காண்பது. வருங்காலப் படங்களுக்கான மாயக் கற்களை நமக்கு நினைவூட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலையில்லை. குகையைச் சேர்க்காவிட்டால் பண்ணை வீட்டுக்கு ஆபத்து என்கிற அளவுக்கு நெருக்கடி இருந்ததாக இயக்குநர் ஜாஸ் வீடன் பின்னர் வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார்.

இந்தக் கணக்கு 2023இல் எதிரொலித்தது. 'தி மார்வெல்ஸ்' படத்தின் மூன்று நாயகியரில் இருவரைப் பற்றி முழுதும் தெரிய வேண்டுமானால் இரண்டு இணையத் தொடர்களை முன்பே பார்த்திருக்க வேண்டும். சினிமாவுக்குப் போக ஹோம்வொர்க்கா? எண்ட்கேம் உலகமெங்கும் ஏறக்குறைய 280 கோடி டாலர் வசூலித்த இடத்தில் இது 20 கோடி டாலரைச் சற்றே தாண்டியது.

கடைசி அரைமணி

வானத்தில் ஒரு ஓட்டை. அதிலிருந்து ஒளித்தூண். ஓட்டை வழியே முகமில்லாத படை. 2012இன் 'அவெஞ்சர்ஸ்' படத்தில் இதைப் பார்த்தபோது புதுமையாக இருந்தது. அப்புறம் 'மேன் ஆஃப் ஸ்டீல்', 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்', 'சூசைட் ஸ்குவாட்' என்று ஏதாவது ஒரு வடிவத்தில் அந்த ஒளித்தூண் வந்துகொண்டே இருந்தது. சண்டை எவ்வளவு பெரிதோ அவ்வளவு தூக்கம் வருகிறது. யாரென்றே தெரியாத படை எத்தனை செத்தால் நமக்கென்ன? ஊரே இடிந்தாலும் அதில் நமக்குத் தெரிந்த ஒரு வீடு இல்லையென்றால் அது வெறும் தூசிதான்.

இப்படி ஆவதற்குத் தொழில் முறையும் ஒரு காரணம். பெரிய சண்டைகளைப் படப்பிடிப்புக்கு நெடுநாள் முன்பே கம்ப்யூட்டரில் மாதிரிப் படமாக வரைந்துவிடுகிறார்கள். அதற்கென்று தனிக் குழு. லுக்ரேசியா மார்ட்டெல் என்ற அர்ஜென்டினா பெண் இயக்குநரை 'பிளாக் விடோ' படத்துக்காக அழைத்துப் பேசியபோது, சண்டைக் காட்சிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். அவர் 2018இல் இதைச் சொல்லியிருக்கிறார். பேசும் காட்சி ஒருவர் கையில், அடிக்கும் காட்சி இன்னொருவர் கையில். மகாபாரதத்தில் கீதை ஒருவரும் யுத்தம் ஒருவரும் எழுதியிருந்தால் எப்படியிருக்கும்? 'வொண்டர் வுமன்' (2017) படத்தில் குண்டு மழைக்கு நடுவே அவள் பதுங்குகுழியை விட்டு ஏறி நடக்கும் இடம் புல்லரிக்க வைக்கும். காரணம், எதிர்ப்புறத்தில் பட்டினி கிடக்கும் கிராமத்தைப் பற்றி ஒரு தாய் அவளிடம் சொல்லியிருப்பாள். அதே படத்தின் முடிவோ இரண்டு பேர் இரும்புத் துண்டுகளை ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொள்வது. தான் நினைத்திருந்த முடிவு இன்னும் சிறியது, ஸ்டுடியோதான் கடைசியில் மாற்றச் சொன்னது என்றார் இயக்குநர் பாட்டி ஜென்கின்ஸ்.

வில்லன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நாயகன் போட்டிருக்கும் அதே சட்டையை வேறு நிறத்தில் போட்டுக்கொண்டு வருபவர்தான் பெரும்பாலும் வில்லன். 'டார்க் நைட்' படத்தின் ஜோக்கரும் (2008), 'பிளாக் பேந்தர்' படத்தின் கில்மாங்கரும் (2018) நினைவில் நிற்பது, நாயகனிடம் பதில் இல்லாத கேள்வியை அவர்கள் கேட்டதால்.

நகைச்சுவை பற்றி மட்டும் ஒன்று. 'தோர்: ராக்னராக்' (2017) படத்தில் நாயகனின் தாயகமே அழிகிறது. மக்கள் கப்பலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புலம்பெயர்ந்தவர்களாகிய நமக்கு அந்தக் காட்சி சுருக்கென்று தைக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பாத்திரம், அஸ்திவாரம் கெட்டியாக இருக்கிறது, திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்ல, அடுத்த நொடி அதுவும் வெடித்துச் சிதறுகிறது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இழவு வீட்டில் ஜோக் அடித்துவிட்டால் அதற்கப்புறம் யார் ஒப்பாரி வைப்பது?

செத்தவர் திரும்பும் ஊர்

இப்போது பேரனின் கேள்விக்கு வருகிறேன். 2018இன் 'இன்ஃபினிட்டி வார்' முடிவில் பாதி உலகம் சாம்பலாகிறது, ஸ்பைடர்மேனும் மறைகிறான். ஆனால் அவனுடைய அடுத்த படம் 2019 ஜூலையில் வரும் என்று ரசிகர்களுக்கு முன்பே தெரியும். ஆக அந்தச் சாம்பல் திருநீறு போலத் தட்டிவிட்டால் போய்விடும் சாம்பல். ஆனால் எண்ட்கேமில் டோனி ஸ்டார்க் இறந்தது அப்படியல்ல. பதினோரு வருஷமாகப் பார்த்த மனிதன். ஆரம்பத்தில் தன்னைத் தவிர எதையும் மதிக்காதவன். இப்போது சின்ன மகள் இருக்கிறாள்; எனக்குக் கிடைத்ததை இழக்காமல் இருக்க முடிந்தால்தான் வருவேன் என்று நிபந்தனை போட்டவன். கடைசியில் அதையே கொடுக்கிறான். இது சூப்பர்மேனுக்கு வாய்த்து அவர் நழுவவிட்ட கட்டம். இங்கே பூமியை யாரும் திருப்பிச் சுற்றவில்லை. அதனால்தான் திருநெல்வேலியில் ஒரு ஒன்பது வயதுப் பையன் சோறு வேண்டாம் என்றான்.

அதற்குப் பிறகு பல உலகங்கள் என்றொரு கருத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த உலகத்தில் செத்தால் என்ன, பக்கத்து உலகத்தில் இன்னொருவர் இருக்கிறார். 'லோகன்' (2017) படத்தில் கிழப்பருவத்து வுல்வரின் தன் மகளைக் காப்பாற்றிச் செத்து, கற்குவியலுக்கடியில் அடக்கமானார். 2024இல் வந்த 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' அந்தக் குழியைத் தோண்டி எலும்பை எடுத்து ஆயுதமாக்கிச் சண்டை போடுவதில் ஆரம்பிக்கிறது. வேடிக்கையாகத்தான் எடுத்திருக்கிறார்கள், 130 கோடி டாலருக்கு மேல் வசூலும் ஆயிற்று. கதை பலவீனமானால் படம் ஓடாது என்று நான் சாதிக்க வரவில்லை. நன்றாகவே ஓடுகிறது. பல உலகம் என்பதே தப்பு என்றும் சொல்லவில்லை. 2018இன் கார்ட்டூன் படமான 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்' அதை வைத்துக்கொண்டே ஒரு தகப்பன் மகன் கதையை அழகாகச் சொன்னது. அங்கே கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசும் அப்பா ஒருவர்தான்; அவருக்கு மாற்று ஆள் இல்லை.

நம் நாட்டுப் படங்களும் இதற்கு விலக்கல்ல. ஷங்கரின் '2.0' (2018) பல நூறு கோடி ரூபாயில் வந்தது. கைப்பேசிகளெல்லாம் பறவையாகும் பிரமாண்டத்தில் எனக்கு நினைவிருப்பது, செல்போன் கோபுரத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட பறவை நேசர் பக்‌ஷிராஜனின் பழங்கதை மட்டுமே. சிட்டி ரோபோவுக்கு இழக்க ஒன்றுமே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனை உட்கார வைத்து 'மின்னல் முரளி' போட்டேன். பேசில் ஜோசஃப் இயக்கி 2021 டிசம்பரில் வந்த மலையாளப் படம், தமிழிலும் பேசுகிறது. கேரளத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரு தையல்காரன் மீதும், ஊரே பைத்தியம் என்று கேலி செய்யும் டீக்கடை ஷிபு மீதும் ஒரே இரவில் மின்னல் விழுகிறது. ஷிபுவாக நடித்தவர் நம் குரு சோமசுந்தரம், கூத்துப்பட்டறையில் வளர்ந்தவர். இருபத்தெட்டு வருஷமாக ஒருத்தியையே மனத்தில் சுமந்தவன். அவள் குழந்தையின் வைத்தியச் செலவுக்காகத்தான் அந்தச் சக்தியை வைத்துத் திருடவே ஆரம்பிக்கிறான். கடைசியில் அவள் தன்னிடம் வரச் சம்மதிக்கிறாள். அவன் முகத்தில் அழுகையும் சிரிப்பும் கலந்து வருகிறது. அந்தச் சந்தோஷத்தை ஊர்க்காரர்கள் வைத்த தீ கொண்டுபோகிறது.

கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்த பயல் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டான். படம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

"ஷிபு திரும்ப வருவானா தாத்தா?"

"தெரியலையேப்பா. எதுக்குக் கேக்குற?"

"வரக் கூடாது" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா பாவம் தாத்தா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.